அறுபத்து நாலு கொல்லை

திருப்பாலைவனம் நெல் மண்டியில் மூட்டை தூக்குகிற ஜோஷ்வாவுக்கு மூணு பெண்கள். மூத்தவளை ஊத்துக்கோட்டைப் பக்கம் கொடுத்தார்கள். நடுவுள்ளவள் மீஞ்சூரில் நர்ஸ் வேலை. கடைசிப் பெண் எப்சிபா படித்தாள், படித்தாள், படித்துக்கொண்டே இருந்தாள். ஜோஷ்வாவின் அப்பாவும் அதே மண்டியில் மூட்டை தூக்கினவர்தான். அந்த வம்சத்தில் மூட்டைக்குப் பதிலாகப் புத்தகம் தூக்கினது இவள் ஒருத்தி. எடையில் பெரிய வித்தியாசம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆறு வருஷமாக ஆராய்ச்சி. சிறு விவசாயிகளைப் பற்றி. பெண் பார்க்க வந்தவர்கள், "இன்னா படிக்குது பொண்ணு?" என்று கேட்டால் அவள் அம்மா ஜெஸ்ஸி, "விவசாயம்" என்பாள். "அதுக்கு எதுக்கும்மா காலேஜி?" என்பார்கள். டீயைக் குடித்துவிட்டு எழுந்து போவார்கள்.

ஆராய்ச்சி சும்மா முடியாது. செய்ததை ஒரு ஜர்னலுக்கு எழுதி அனுப்பணும். வந்து சேர்ந்தது என்று அவர்கள் கடிதம் போட்ட பிறகுதான் காலேஜில் ஆய்வேட்டைக் கையில் வாங்குவார்கள். எப்சிபாவின் பதிவு மார்ச் முப்பத்தொன்றோடு காலாவதி. அதற்குள் கட்டுரை போகாவிட்டால் ஆறு வருஷத்தையும் மூட்டை கட்டி ஏரியில் போட்டுவிடலாம்.

அவளுக்கு கைடாக இருந்தவர் ஹரிஹரன் சார். தங்கமான மனுஷர். காலேஜுக்கு வெளியே வெயில் அடிக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறார். பழவேற்காட்டில் பாலம் தாண்டினால், ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு குப்பம். மீன் பிடிக்கிற குடும்பங்கள் அங்கே மணலில் ஊற்று தோண்டிக் குடத்தால் மொண்டு ஊற்றி, கத்திரியும் கீரையும் போடுகிறார்கள், அதைப் பற்றி யாரும் எழுதவில்லை சார் என்று எப்சிபா சொன்னபோது, "போய் எழுதிக்கிட்டு வாம்மா, நாம எழுதிடலாம்" என்றார்.

அவளும் போனாள். ஊர்த் தலைவரிடம் தலைக்கட்டுப் பட்டியலை வாங்கினாள். கல்யாணம் ஆன ஒவ்வொரு ஆம்பிளையும் ஒரு தலைக்கட்டு. மீன் ஏலக்கூடத்து நிழலில் வலை கோத்துக்கொண்டிருந்தவர்களிடம் ஒவ்வொருத்தராகக் கேட்டாள்.

"கொல்லை இருக்குதாண்ணா?"

"கீதும்மா."

"எவ்ளோ?"

"முப்பது சென்ட்டு."

"கடைசியா இன்னா போட்டீங்க?"

"கத்திரி."

இப்படி அறுபத்து நாலு பேர். ஒருத்தர் வாயிலும் பொய் இல்லை. கொல்லையை நேரில் பார்க்கலாமா சார் என்று கேட்டதற்கு, "வெயில்ல எதுக்கும்மா? ஃபாரம் நிரப்பியாச்சுல்ல" என்றார் ஹரிஹரன்.

கட்டுரை எழுந்தது. அட்டவணை ஏழு. அந்தக் கணக்குப்படி குப்பத்தில் விளையும் கத்திரிக்காயை ஏற்ற வாரத்துக்கு ஒரு லாரி வேண்டும். அதே குப்பத்தில், காய்ப்பு ஓய்ந்த மாசத்தில், கோவிந்தம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை குழம்பில் போடக் கால் கிலோ கத்திரிக்காய் வேண்டுமென்றால் பாலம் தாண்டிப் பழவேற்காட்டுக்குத்தான் நடக்கணும். அட்டவணை போட்டவர்களுக்குக் கோவிந்தம்மாவைத் தெரியாது.

கட்டுரைக்கு மேலே ஐந்து பேர் பெயர். முதலில் எப்சிபா. அடுத்து ஹரிஹரன். மூன்றாவது துறைத் தலைவர். நான்காவது துறைத் தலைவரின் மச்சான், அதாவது தலைவர் கட்டின பெண்ணுக்குக் கூடப்பிறந்த அண்ணன், வேறொரு காலேஜ். ஐந்தாவது, கம்ப்யூட்டரை இரண்டு நாள் கடன் கொடுத்தவர்.

எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்தால், ஜர்னல்காரர்களின் விதிகளில் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. ஒவ்வொரு கொல்லையும் எங்கே இருக்கிறது என்று புள்ளி வைத்த வரைபடம் வேண்டுமாம். மார்ச் இருபத்து நாலாம் தேதி, போனில் லொக்கேஷன் குறித்துக்கொள்ள எப்சிபா மறுபடி குப்பத்துக்குப் போனாள்.

முதலில் சின்னதம்பி கூட்டிப் போனான். கோவிந்தம்மாவின் புருஷன் அவன்தான். பழைய வலையைச் சவுக்குக் கொம்பில் கட்டி வேலி. மூலையில் ஒரு உடைந்த ஃபைபர் படகு கவிழ்ந்து கிடந்தது. வேலிக்குள் தலையை நுழைத்து ஒரு கறுப்பு ஆடு. புள்ளி ஒன்று.

அடுத்தது அவன் தம்பி இளவழகன். அவன் மாரியம்மன் கோயிலைச் சுற்றிக்கொண்டு கூட்டிப் போனான். பழைய வலையில் வேலி, மூலையில் உடைந்த படகு. இந்த ஊரில் கொல்லைக்கு ஒரு உடைந்த படகு வைப்பது வழக்கம் போலிருக்கிறது என்று எப்சிபா நோட்டில் எழுதிக்கொண்டாள். ஆராய்ச்சி என்றால் எதையும் விடக்கூடாதல்லவா. பிறகு நிமிர்ந்து பார்த்தாள். அதே கறுப்பு ஆடு, அதே ஓட்டையில் தலையை விட்டபடி அவளைப் பார்த்து மென்றுகொண்டிருந்தது.

"அண்ணா, இது உங்க அண்ணனோட கொல்லைதானே?"

"ஆமா, அண்ணனுதுதான்."

"உங்களுதுன்னு கூட்டிக்கினு வந்தீங்க?"

"என்னுதும்தான். ராஜவேலுதும், தீனாதும். நாங்க நாலு பேருல்ல." இளவழகன் அவளைப் பாவமாகப் பார்த்தான். "ஏரில இறாலுக்கு வல கட்ற எடத்த வெட்டிப் பங்கு போட முடியுமா? முற வெச்சிக்கிறோம். இன்னிக்கு உனுக்கு, நாளைக்கு எனுக்கு. அதுக்குப் பேரு பாடு. எங்க நைனா கிருஷ்ணன் முப்பது சென்ட்டு வெச்சிட்டுப் பூட்டாரு. நாலா வெட்டுனா ஆடு படுக்கக்கூட எடம் பத்தாது. அதனால இதுக்கும் பாடு போட்டுக்கினோம். வருசத்துக்கு ஒருத்தன். இந்த வருசம் தீனா."

"இந்த வருசம் உங்க பாடு இல்லியே. அப்ப இல்லேன்னு சொல்றதுதானே?"

"இல்லேன்னு எப்டிம்மா சொல்றது? அப்டியே எழுதி வெச்சிக்குவானுங்க. நாளைக்கு என் பாடு வந்தா, உனுக்குத்தான் இல்லியேம்பானுங்க."

எப்சிபா மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் ஊரில் அண்ணன் தம்பி என்றால் நடுவில் வரப்பு இருக்கும். வரப்பு இல்லாத இடத்தில் பொன்னேரி கோர்ட்டில் கேஸ் இருக்கும். ஒரே நிலத்தை நாலு பேர் முறை வைத்து உழுவார்கள் என்று ஏழு அட்டவணையில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. மூன்று நாள் குப்பம் முழுக்க நடந்து எண்ணினாள். அறுபத்து நாலு விவசாயிகளுக்கும் சேர்த்து பத்தொன்பது கொல்லை.

இருபத்தெட்டாம் தேதி ஹரிஹரன் சாரிடம் போய் நின்றாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இது யாருக்கும்மா தெரியும்?"

"குப்பத்துல எல்லாருக்கும் தெரியும் சார்."

"அவங்க ஜர்னல் படிப்பாங்களா?"

"மாட்டாங்க சார்."

"அப்புறம் என்ன. அறுபத்து நாலு அறுபத்து நாலாவே இருக்கட்டும். மூணு நாள்தான் இருக்கு உனக்கு."

"வரைபடத்துல பத்தொம்பது புள்ளிதான் சார் தெரியுது. ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்குது."

ஹரிஹரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொஞ்சம் தள்ளித் தள்ளி வையேன்."

"அந்தப் பக்கம் ஏரி, இந்தப் பக்கம் கடல் சார். தள்ளி வெச்சா தண்ணியில விழுது. பாதிப் பேரு கடலுக்குள்ள கத்திரி போட்ட மாதிரி ஆயிடும்."

அவர் கையெழுத்துப் போடாவிட்டால் கட்டுரை போகாது. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பேனாவைக் கையில் எடுத்து, மூடியைத் திறந்து, மூடி, திறந்தார். கடலுக்குள் கத்திரி போட்ட படத்துக்குக் கீழே தன் பெயர் இருப்பதை நினைத்தாரோ என்னவோ. "மாத்தி எழுதிட்டு வா. முப்பதாம் தேதி நான் ஊருக்குப் போறேன், அதுக்குள்ள" என்றார்.

இரண்டு நாளில் ஏழு அட்டவணை நாலாயிற்று. லாரி லாரியாக விளைந்த கத்திரிக்காய் காணாமல் போயிற்று. அதற்குப் பதிலாக, மீன்பிடிக்கிற பாடு முறையை மண்ணுக்குக் கொண்டுவந்து நிலத்தை உடையாமல் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பகுதி சேர்ந்தது. முப்பதாம் தேதி கையெழுத்து விழுந்தது. முப்பத்தொன்றாம் தேதி வந்து சேர்ந்ததென்று கடிதமும் வந்தது. ஆய்வேட்டை வாங்கிக்கொண்டார்கள். ஆகஸ்டில் கட்டுரையை ஜர்னல் ஏற்றுக்கொண்டது. அந்தப் பாடு விஷயம்தான் புதுசு என்று பாராட்டி எழுதியிருந்தார்கள். தனக்கு அது ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகமாக இருந்தது என்று ஹரிஹரன் துறைக் கூட்டத்தில் சொன்னார்.

அச்சான தாளை எடுத்துக்கொண்டு எப்சிபா குப்பத்துக்குப் போனாள். ஏலக்கூடத்தில் சின்னதம்பி வாங்கிப் பார்த்தான். இங்கிலீஷ். வரைபடத்தில் தன் கொல்லைப் புள்ளியைக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

"மேல இன்னாம்மா இவ்ளோ பேரு?"

"எழுதுனவங்கண்ணா. இது நானு. இது எங்க சாரு. இது அவங்களுக்கு மேல உள்ளவரு. இது அவரு மச்சான்."

"மச்சான் எப்ப வந்தாரு இங்க?"

"வரலைண்ணா."

"அஞ்சாவது?"

"கம்ப்யூட்டர் குடுத்தாரு."

சின்னதம்பி தாளைத் தம்பியிடம் கொடுத்தான். "டேய் இளவழகா. ஒரு கொல்லய நாலு பேரு சொன்னோம்னு இந்தப் பொண்ணு மணல்ல குந்திக்கினு அழுதுச்சின்னியே. இங்க ஒரு பேப்பர அஞ்சு பேரு எழுதிக்கிறாங்க பாரு."

"நம்மள்து பாடு வந்தா தண்ணி மொண்டு ஊத்தணுமேண்ணா. இவங்களுக்கு அதுகூட இல்ல" என்றான் இளவழகன்.

எப்சிபாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த வருஷப் பாடு தீனாவுக்கு. அவனிடம் கேட்காமலே கோவிந்தம்மா வேலிக்குள் போய் இரண்டு கிலோ கத்திரிக்காயைப் பறித்து அவள் பைக்குள் கொட்டினாள்.

"தீனா அண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"சொல்லட்டும். அடுத்த வருசம் எங்க பாடு, அப்ப அவன் பொண்டாட்டி வந்து பறிச்சிக்குவா. அதையும் எழுதி வெச்சிக்க."