மூன்றாவது முறை கூப்பிடுமுன்

கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் புதிதாக வருபவர்களுக்கு வீட்டு எண் கொடுத்த குமாஸ்தா, காதில் செருகிய பென்சிலோடு திரிந்த, இந்தி கலந்து பேசும் ஒல்லி மனிதர். எந்த எண்ணையும் கொடுக்குமுன் ஆபீஸ் வாசலில் நின்று அதை மூன்று முறை உரக்கக் கூப்பிடுவார். யாரும் பதில் சொல்லாவிட்டால்தான் அது கைமாறும்.

காய்ச்சலில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுத் திரும்பும்போது, மேட்டிலேயே என் எண் காதில் விழுந்தது.

"நாப்பத்தொண்ணு!"

இலங்கையிலிருந்து அம்மா எழுதும் கடிதம் அந்த எண்ணுக்குத்தான் வரும். இரண்டாவது முறையும் கூப்பிட்டார். எனக்குக் குரல் எழவில்லை. தள்ளாடித் தள்ளாடி இறங்கி வர வெகுநேரம் பிடித்தது.

வாசலில் ஒரு குடும்பம் மூட்டையோடு காத்திருந்தது. அவர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"இருக்கேங்க ஐயா!"

"அரே, இருக்கீங்களா? அச்சா," என்றவர் அடுத்த எண்ணைக் கூப்பிடத் திரும்பினார்.

மூன்றாவது முறை கூப்பிடாமல் ஏன் அவ்வளவு நேரம் நின்றார் என்று எனக்கு இன்றும் தெரியாது.