ஒட்டுமா, டாக்டரம்மா?

தோல் டாக்டரின் வேலையில் பாதி நேரம் "இது ஒட்டுமா?" என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே போய்விடும். இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது இந்த நிமிஷம் முழங்கைக்குப் பின்னாலோ கால்விரல் இடுக்கிலோ அரித்துக்கொண்டிருந்தால், கூச்சப்படாமல் சொறிந்துகொண்டே படியுங்கள். நாம் எல்லாரும் ஒரே கட்சிதான்.

எனக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. மலாயாவில் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஐந்து வகுப்பு, பிறகு கன்னியாஸ்திரீகள் நடத்திய இங்கிலீஷ் பள்ளி, மதராஸில் டாக்டர் படிப்பு, மறுபடி மலாயாவில் தோட்ட ஆஸ்பத்திரி என்று சுற்றிவிட்டு, அறுபத்தாறில் மேற்குத் தாம்பரத்தில் வந்து கடை போட்டேன். "கடை" என்பது என் கம்பவுண்டர் தேவசகாயத்தின் வார்த்தை. களிம்பை அரைத்து டப்பாவில் அடைக்கிறவர் அவர்தான் என்பதால் நான் மறுத்ததில்லை.

பிரசவம் பார்க்காத டாக்டரம்மா

ஸ்டேஷனிலிருந்து இரண்டாவது தெரு. வாசலில் "தோல் நோய் மருத்துவர்" என்று ஆள் நீளத்துக்கு ஒரு போர்டு. முதல் மாதம் யாரும் உள்ளே வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, வருகிறவர்கள் எல்லாம் எதிர் டீக்கடை பெஞ்சில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு, தெரு காலியாவதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று. தேவசகாயம் ஓர் ஏற்பாடு செய்தார். உள்ளே ஆள் இல்லையென்றால் ஜன்னலில் ஒரு துண்டைத் தொங்கவிடுவார். துண்டைப் பார்த்ததும் ஒருவர் எழுந்து, கத்தரிக்காய் வாங்கப் போகிறவர் மாதிரி நிதானமாகத் தெருவைக் கடந்து வருவார்.

தைரியமாக நேரே நுழைந்தவர்கள் நிறைமாதப் பெண்கள் மட்டும்தான். பெண் டாக்டர் என்றால் பிரசவம் பார்ப்பவள் என்பது ஊரின் கணக்கு. ஒரு நாள் பிளாஸ்க், பழந்துணி, மாமியார் சகிதமாக ஒருத்தி வந்து பெஞ்சில் படுத்தே விட்டாள். நான் தோல் மட்டும்தான் பார்ப்பேன் என்று புரியவைத்து, ஜட்கா பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்குள் என் பாடு போதும் போதும் என்றாகிவிட்டது. வண்டியில் ஏறப்போன மாமியார் நின்று போர்டை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பிரசவம் பாக்காத டாக்டரம்மாவுக்கு இன்னாத்துக்கு இம்மாம் பெரிய போர்டு?"

தொடுவதற்கு முன்பே "ஆமாம்"

அறுபத்தெட்டு பங்குனியில் ஒரு திங்கட்கிழமை அவர் வந்தார். பெயர் முனுசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலையூரில் ஒரு பள்ளி விடுதியில் சமையல்காரர், நாற்பது வயதிருக்கும். இடது முன்கையில் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய படை. சாதம் பரிமாறும்போது ஒரு பையனின் அப்பா அதைப் பார்த்துவிட்டாராம். சனிக்கிழமைக்குள் "ஒட்டாது" என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வர வேண்டும், இல்லாவிட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்று வார்டன் சொல்லியிருந்தார். பதினாறு வருஷத்து வேலை. எல்லாரும் பயந்த அந்த நோயின் பெயரை முனுசாமி சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நீங்கள் நினைக்கிற அதே குஷ்டம்தான்.

வெளிறிய படையெல்லாம் குஷ்டம் ஆகிவிடாது. தேமலாக இருக்கலாம், பழைய புண் ஆறிய தடமாக இருக்கலாம். குஷ்டமென்றால் அந்த இடம் மரத்திருக்கும். சோதனையும் சுலபம்தான். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் தொட்டு, தொடும்போதெல்லாம் சொல்லச் சொல்வோம். முனுசாமி கண்ணை மூடினார். நான் இன்னும் பஞ்சை ஜாடியிலிருந்து எடுக்கவே இல்லை, "ஆமாம்மா" என்றார். எடுத்தேன், "ஆமாம்மா". தொட்டேன், "ஆமாம்மா". சும்மா இருந்தேன், அதற்கும் ஒன்று. வெந்நீர் ஒன்றிலும் பச்சைத் தண்ணீர் ஒன்றிலுமாக இரண்டு கண்ணாடிக் குழாய்களைப் படைமேல் வைத்துப் பார்த்ததில் இரண்டுமே "சூடும்மா".

காதுமடலில் லேசாகக் கீறி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். கிருமி இல்லை. அப்படியானால் ஒன்று, அந்த நோயே இல்லை. அல்லது அடுத்தவருக்குப் பரவாத வகை. "ஒட்டாது" என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் சீட்டு கைக்கு வந்துவிட்டால் இந்த மனிதர் திரும்பி வரமாட்டார், அந்த நோய்தான் என்றால் மருந்தில்லாமல் சில வருஷத்தில் விரல்கள் மடங்கிவிடும். "உண்மையைச் சொல்லுங்க முனுசாமி, தொட்டா தெரியுதா இல்லையா?" என்றேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "தொட்டாலும் தெரியுது, தொடாட்டியும் தெரியுதும்மா. நல்லாத்தான் கீது, எழுதிக் குடுத்துடு."

பீரோவில் ஏழு பாட்டில்

புதன்கிழமை. முனுசாமிக்கு மூன்று நாள் பாக்கி. அன்று காலை ஒரு குடும்பம் வந்தது. வயலை மனை போட்டு விற்றவர்கள், எட்டுப் பேர். இவர்கள் டீக்கடையில் எல்லாம் ஒளியவில்லை, நேரே வந்து பெஞ்சை நிறைத்து உட்கார்ந்தார்கள். உட்காரச் சொல்லியும் திங்கட்கிழமை முனுசாமி உட்காராமல் நின்ற அதே பெஞ்ச். மூத்த மகனுக்குச் சொறி. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு எல்லாம். வருவது மூன்றாவது தடவை. சொறி ஒட்டுகிற மாதிரி வேறெதுவும் ஒட்டாது, ஒரே பாயில் படுத்தால் போதும். ஆனால் அதற்கு யாரும் விலகி உட்காருவதில்லை.

போன தடவை, பால் போல் இருக்குமே அந்த மருந்து, அதை எட்டு பாட்டில் கொடுத்திருந்தேன். அரித்தாலும் அரிக்காவிட்டாலும் எட்டுப் பேரும் ஒரே நாளில், கழுத்துக்குக் கீழே ஓர் இடம் விடாமல் தடவ வேண்டும், துணிகளை வேகவைக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லியும் அனுப்பினேன். "எல்லாரும் தடவினீங்களா?" என்று வீட்டுத் தலைவி மங்களத்தம்மாளைக் கேட்டேன். மகனுக்குத் தடவியாயிற்றாம். மற்றவர்கள்? நான் என்னவோ தெரியாமல் கேட்கிறேன் என்பது போல் அவர் சிரித்தார். "மீதி ஏழையும் பீரோவுல பத்திரமா பூட்டி வச்சிருக்கேன் டாக்டரம்மா, யாருக்கு அரிச்சாலும் உடனே எடுத்துக் குடுத்துடுவேன்!"

விலாவில் ஒரு சிங்கம்

வியாழக்கிழமை மத்தியானம் வண்டலூர்ப் பக்கமிருந்து ஒரு தபால்காரர் சைக்கிளில் வந்தார். சட்டையைக் கழற்றினால் வலது விலாவில் காவி நிறத்தில் ஒரு சிங்கம். அக்கி வந்தால் குயவரிடம் போய்க் காவிக் குழம்பால் சிங்கம் எழுதிக்கொள்வது நம் பக்கத்து வழக்கம், உங்களில் சிலரும் எழுதிக்கொண்டிருப்பீர்கள். நரம்பு போகிற வழியே வரிசையாகக் கொப்புளம், கங்கு வைத்தது போல் எரிச்சல். சிங்கம் வந்து உட்கார்ந்தால் அக்கி ஓடிவிடும் என்பது நம்பிக்கை. ஈரம் காயும்வரை குளுகுளுவென்று இருக்கும், அதில் பொய்யில்லை. என்னிடம் இருந்ததும் கலமைன் லோஷனும் வலி மாத்திரையும்தான். எதைத் தடவினாலும், தடவாவிட்டாலும், அது இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்துவிடும்.

வெயிலில் சைக்கிள் மிதித்ததில் சிங்கம் பாதி கரைந்துபோயிருந்தது. பிடரியிலிருந்து காவி கோடுகோடாக இடுப்புவரை இறங்கியிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. தபால்காரர் சங்கடப்பட்டு, மிச்சத்தையும் துடைத்துவிடட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும், மேலேயே லோஷனைத் தடவுங்கள் என்றேன். அவருக்கு மருந்து ஊற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பிய தேவசகாயம் சொன்னார்: "சரியாப் போச்சுன்னா சிங்கம் பண்ணினது, தழும்பு விழுந்தா நாம பண்ணினது. எதுக்கும் தயாரா இருங்க டாக்டரம்மா."

அடுப்படியில் அரை மணி

சிங்கத்தைக் கரைத்தது வேர்வை. குஷ்டப் படையில் நரம்பு கெட்டிருப்பதால் அந்த இடம் மட்டும் வேர்க்காது என்று படிக்கும்போது பாடத்தில் வந்திருக்கிறது. அதற்கப்புறம் எனக்கு அது தேவைப்பட்டதே இல்லை. வாயால் எத்தனை "ஆமாம்" வேண்டுமானாலும் சொல்லலாம், வேர்வையை முனுசாமியால் வரவழைக்க முடியாது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ரிக்‌ஷா பிடித்து விடுதிக்குப் போனேன். சமையல்கட்டைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் வார்டனிடம் சொன்னேன்.

மூன்று விறகடுப்பு, கரி படிந்த ஓடு, கொதிக்கிற சாம்பார். முனுசாமியின் இரண்டு கைகளையும் துண்டால் ஒற்றி உலர்த்திவிட்டு, வேலையைப் பாருங்கள் என்று சொல்லி ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். "இன்னாம்மா, சாம்பார் கத்துக்க வந்தியா?" என்றார். பத்து நிமிஷத்தில் என் ரவிக்கை முதுகில் ஒட்டிக்கொண்டது. அவர் நெற்றி, கழுத்து, வலது கை எல்லாம் மினுமினுத்தன. இடது முன்கையிலும் பொட்டுப் பொட்டாக வேர்வை. படை மட்டும் வறண்டு, மாவு பூசிய மாதிரி அப்படியே இருந்தது.

நான் சொல்வதற்குள் அவரே பார்த்துவிட்டார். கரண்டியை வைத்துவிட்டு, கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் பெயரைச் சொன்னேன். தினமும் மாத்திரை, வருஷக்கணக்கில், ஒரு நாள் விடாமல். சாப்பிட்டால் கைக்குப் பயமில்லை என்றும் சொன்னேன். அடுத்து வேலையைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்: "பதினாறு வருசமா இந்தக் கையாலதாம்மா போட்டுகினு கீறேன். பசங்களுக்கு ஒட்டியிருக்குமா? அத மட்டும் சொல்லு."

வார்டனுக்கு ஒரு சந்தேகம்

ஒட்டியிருக்காது. காதுமடலில் கிருமி இல்லாததால் இது பரவாத வகை. அவரிடம் அதை இரண்டு தடவை சொன்னேன். பிறகு அங்கேயே சீட்டை எழுதினேன்: "இவர் கையிலுள்ள படை மற்றவருக்குப் பரவாது. சமையல் வேலை செய்யலாம்." இரண்டு வரியும் உண்மை. வார்டன் தன் அறையில் அதை மூன்று முறை படித்தார். கெட்ட மனிதர் இல்லை, நூறு அப்பாக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். "வியாதியோட பேர் இல்லையே டாக்டர்?" என்றார். "நீங்க கேட்டது ஒட்டுமா ஒட்டாதான்னுதானே?" என்றேன். "பேரன்ட்ஸ் கேப்பாங்க. பேரை எழுதிக் குடுத்துடுங்க, அதான் முறை." பெயரை எழுதினால், அதற்குக் கீழே என்ன எழுதினாலும் யாரும் படிக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். நான் பேனாவை எடுக்கவில்லை.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "வந்ததும் வந்தீங்க, எனக்கு ஒரு சின்ன சந்தேகம்" என்று குரலைத் தாழ்த்தி, சட்டையைத் தூக்கி, பெல்ட் படும் இடத்தைக் காட்டினார். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் படர்தாமரை, ஓரம் சிவந்து, நடுவில் ஆறிப்போய். ஆறு மாதமாகப் பவுடர் போட்டுவந்தாராம். துண்டை எங்கே காயப்போடுகிறீர்கள் என்று கேட்டேன். பையன்களின் துண்டுகளோடு அதே கொடியில்தான். களிம்பு எழுதிக் கொடுத்து, ஆறின மாதிரி தெரிந்தாலும் இன்னும் இரண்டு வாரம் தடவச் சொன்னேன். துண்டைத் தனியாக வைத்து, துணிகளைக் கொதிக்க வைக்கவும் சொன்னேன். "இது ஒட்டுமா டாக்டர்?" என்றார். "ஒட்டும் சார்."

அவர் சட்டையை இறக்கி உள்ளே செருகிக்கொண்டார். "இதை நீங்க எங்கேயும் எழுதிட மாட்டீங்களே?" என்று கேட்டார். "யாரோட வியாதிப் பேரையும் நான் வெளியாருக்கு எழுதிக் குடுக்கறதில்லை சார், உங்களோடதையும்தான்" என்றேன். அதை அவர் மிரட்டல் என்று எடுத்துக்கொண்டாரா, வாக்குறுதி என்று எடுத்துக்கொண்டாரா, தெரியாது. எதை நினைத்துக்கொண்டு சொன்னேன் என்பதும் எனக்கே இன்றுவரை முழுசாகப் பிடிபடவில்லை. அவர் என் சீட்டை மடித்து ஃபைலில் வைத்தார். "பெல் அடிக்கப் போகுது. முனுசாமியைப் போய் சாதத்தைப் பாக்கச் சொல்லுங்க."

சமையல்கட்டில் கடைசியாக

நானே போய்ச் சொன்னேன். வேலை உண்டு, சனிக்கிழமையும் உண்டு, அதற்கப்புறமும் உண்டு. மாதா மாதம் மாத்திரைக்கு வர வேண்டும். படை இருக்கும் இடத்தில் சுட்டாலும் தெரியாது, அதனால் அண்டாவை இறக்கும்போது முழங்கைவரை கனமான துணி சுற்றிக்கொள்ள வேண்டும், வேலை முடிந்ததும் கொப்புளம் ஏதாவது இருக்கிறதா என்று கையைக் கண்ணால் பார்க்க வேண்டும். நான் அடுக்கிக்கொண்டே போனேன். எல்லாவற்றையும் நின்று கேட்டுவிட்டு, முனுசாமி மேல்துண்டை எடுத்து இடது கையில் முழங்கைவரை இறுக்கிச் சுற்றினார். "சரிம்மா. கொஞ்சம் தள்ளிக்கோ, சாதம் குழையுது."

அந்த வாரம் நான் எழுதிக் கொடுத்த களிம்புகளில் பாதியை இப்போது நானே யாருக்கும் எழுதுவதில்லை. எழுதாமல் விட்ட அந்த ஒரு பெயர்தான் இன்னும் பலன் கொடுத்துக்கொண்டிருக்கிறது.