அடிக்குறிப்பில் அடங்காத மடத்துவெளி

ஒஸ்லோவில் என் வேலையிடத்தில் பக்கத்துக் கதிரைக்காரர் ஆர்னே வாயைத் திறந்து மறுப்புச் சொல்லமாட்டார். கை நீட்டினால் தோளில் முட்டும் தூரத்தில் இருந்துகொண்டு எழுதி அனுப்புவார். ஊரில் என்றால் இப்படியொரு வாக்குவாதத்துக்கு ஒழுங்கைச் சனமே கூடியிருக்கும். இங்கே விசைப்பலகைச் சத்தம் மட்டும்தான். அப்படித்தான் ஆர்னேயும் நானும் ஒரு சொல்லுக்காகச் சண்டை பிடித்தோம். நாங்கள் நிரல் எழுதும் கணினிமொழியின் கையேட்டுக்கு அவர்தான் பொறுப்பு.

மாமி மடத்துவெளியில் காலமானபோது, எங்கள் ஊர்ச் சங்கத்தின் மரண அறிவித்தல் பக்கத்தை இணையத்தில் நான்தான் நடத்தினேன். பிறப்பிடம், வதிவிடம் போடாமல் எங்கள் சனத்தில் ஒருவரும் சாவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதுவும் அதே கணினிமொழியில் எழுதியதுதான்; ஒவ்வொரு விவரத்துக்கும் நீள வரம்பு வைக்கவேண்டும். நீளம் என்பது 'கரக்டர்'களின் எண்ணிக்கை என்று கையேடு சொன்னது. கரக்டர் என்றால் எழுத்துத்தானே? எங்கள் தீவில் ஒன்பது எழுத்தை மிஞ்சிய ஊர் ஏது என்று பிறப்பிடத்துக்கு ஒன்பது வைத்தேன். அறிவித்தலில் 'மடத்துவெள' என்று வந்து நின்றது.

“தம்பி, அம்மாவின்ரை ஊரைக் குறையாப் போட்டிருக்கிறீர். கனடா, பிரான்சிலை இருந்தெல்லாம் எடுத்துக் கேக்கினம்,” என்று மாமியின் மகள், என் மச்சாள், தொலைபேசியில் அழுதார்.

“நான் முழுசாத்தான் அடிச்சனான், மச்சாள்.”

“அப்ப ஆர் வெட்டினது?”

யார் வெட்டினது! அந்தக் கையேடுதான். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல.

கணினி எண்ணியது எழுத்தை அல்ல, 'கோட் பொயின்ற்' என்ற உள்ளெண்களை. 'ளி' நமக்கு ஒன்று, அதற்கு இரண்டு. கரக்டர் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள் என்று ஆர்னேக்கு எழுதினேன். “உங்கள் மொழி விசேடமானது. தமிழுக்கு ஓர் அடிக்குறிப்புப் போடட்டுமா?” என்று பதில் வந்தது. அன்பாகத்தான் கேட்டார், பாவம். நான் சலுகை கேட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை கோடிப் பேர் எழுதும் மொழிக்குப் பக்கத்தின் அடியிலா இடம்?

எழும்பிப்போய் அவருடைய திரையிலேயே மடத்துவெளி என்று அடித்தேன். “அம்புக்குறி விசையை அழுத்திக்கொண்டு போங்கள்,” என்றேன். ஆறு தரத்தில் சொல் முடிந்தது. “இனி நீளம் எத்தனை என்று கேளுங்கள்.” பத்து என்று வந்தது. நம்பாமல் மறுபடியும் அழுத்திப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, வாய் திறந்தே சொன்னார்: “இது தமிழின் பிரச்சினை இல்லை. நாங்கள்தான் பிழையாக எழுதியிருக்கிறோம்.”

வென்றாயிற்று! இப்போது கையேட்டின் நடுப்பக்கத்தில் கொட்டை எழுத்தில் நிற்கிறது: நீளம் என்பது கோட் பொயின்றுகளின் எண்ணிக்கை, வாசிப்பவர் காணும் எழுத்துகளின் எண்ணிக்கை அன்று. அடிக்குறிப்பு எதுவும் இல்லை. உதாரணத்துக்கு எந்தச் சொல்லைப் போடுவது என்று ஆர்னே கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை.

மச்சாளுக்குக் கையேட்டின் அந்தப் பக்கத்தை அனுப்பினேன். “ஐயோ, முழுசா இருக்குது!” என்று கத்தினார். “அம்மாவின்ரை ஊரை இனி உலகமெல்லாம் அடிச்சுப் பாக்கும், என்ன? ஆனா கீழை உம்மடை பேருக்குப் பக்கத்திலை ஏன் ஒஸ்லோ எண்டு கிடக்குது?”

“அது திருத்தினவரின்ரை வதிவிடம், மச்சாள்.”

“ஓம், ஓம். அதுவும் குறையாமல்தான் கிடக்குது,” என்றார்.