நிலா மண்ணுக்குக் கட்டிய வேப்பிலை

1969 ஜூலை 25, வெள்ளிக்கிழமை. வெள்ளி என்பதால் விடியும் முன்பே வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். நான் குளித்து, சாமி படத்துக்குப் பூ வைத்து, கோப்பி குடித்துவிட்டு, காஜா பெராங் சாலையோரமாகப் பள்ளிக்கு நடந்தேன். எனக்கு எட்டு வயது. லாரி ஓட்டும் அப்பா எனக்கு முன்பே மூவார் பட்டணத்துக்குக் கிளம்பிவிட்டார். நிறைமாதமாக இருந்த அம்மா வேலி வரை வந்து நின்று என்னை அனுப்பிவைத்தாள்.

மத்தியானம் திரும்பி வந்தபோது வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்கியது.

எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். உள்ளே யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது, யாரும் வர வேண்டாம். நான் வேலியிலேயே நின்றுவிட்டேன். உள்ளே போனால் யாரைப் படுத்த நிலையில் பார்ப்பேனோ என்று கால் நகரவில்லை.

அம்மாவின் பிரசவத்துக்காக ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்திருந்த அத்தை, அப்பாவுடைய அக்கா, எட்டிப் பார்த்தாள். “யாருக்கும் ஒண்ணும் இல்ல, உள்ள வா. அம்மை வரக்கூடாதுன்னுதான் கட்டியிருக்கேன்.”

காரணம் ரேடியோ. நிலாவுக்குப் போன மூன்று பேரும் கடலில் வந்து இறங்கிவிட்டார்கள். அவர்களையும் அவர்கள் அள்ளிவந்த மண்ணையும் கல்லையும் பூட்டி வைத்திருக்கிறார்கள், மூன்று வாரத்துக்கு யாரும் கிட்டே போகக்கூடாது என்று செய்தியில் சொன்னார்களாம். “அந்த ஊரு அதிபரே கண்ணாடிக்கு வெளிய நின்னுதான் பேசினாராம். அம்மை இல்லாம வேற என்னா?” என்றாள் அத்தை. நிலாவில் அம்மை. அதை மூட்டை கட்டிப் பூமிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. தண்ணீர்ப் பானைகளை மூடி, நிலா எழும் பக்கத்துச் சன்னலைச் சாத்தி, இடுக்கில் துணியைத் திணித்திருந்தாள்.

வேறு வருடமாக இருந்தால் அம்மா சிரித்திருப்பாள். ஆனால் எனக்கு அடுத்துப் பிறந்த பிள்ளை மூன்று நாள்கூடத் தங்கவில்லை. அந்த வாரம் முழுவதும் மாலையில் வாசலில் நின்று, அங்கே மனிதன் இருக்கிறானாமே என்று நிலாவையே பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். இப்போது வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கும் பயம் வந்துவிட்டது.

நாலரை மணிக்கு மாமா, அம்மாவின் தம்பி, சைக்கிளில் வந்தார். ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை. கையில் பத்திரிகை. வேப்பிலையைப் பார்த்துத் திடுக்கிட்டு, விஷயம் தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்.

“சிரிங்க தம்பி, சிரிங்க,” என்றாள் அத்தை. “அவ்வளவு தூரம் போயி மண்ணையா அள்ளிட்டு வருவானுங்க? நம்ம கொல்லையில இல்லாத மண்ணா?”

“நம்ம மண்ணு மழையில கரைஞ்சு, வெயில்ல காஞ்சு, ஆயிரம் தடவை உருமாறிப் போச்சுக்கா. அங்க மழையும் இல்ல, காத்தும் இல்ல. ஆதியில எப்படிக் கெடந்துச்சோ ஏறக்குறைய அப்படியே கெடக்கு. இங்கேருந்து பாத்தா வெளிச்சம் மட்டுந்தான் தெரியும். கையில எடுத்தாத்தானே அதோட வயசு என்னா, அது எப்படி உண்டாச்சு, நம்ம பூமி எப்படி உண்டாச்சுன்னு தெரியும்?”

“நல்ல மண்ணுன்னா எதுக்கு பூட்டணும்?”

“நல்லதா கெட்டதான்னு இன்னும் தெரியாதுக்கா. அதான் பூட்டியிருக்கான். எலிக்கெல்லாம் குடுத்துப் பாக்கப் போறானாம்.”

“பாத்தீங்களா! எலியக் கொல்றதாம்லா!”

மாமா கையெடுத்துக் கும்பிட்டார். “சரி, கெடக்கட்டும். நிலா ஒண்ணும் கோவிச்சுக்காது.”

வேப்பிலை அங்கேயே இருந்தது.

ஆறு மணிக்கு அம்மாவுக்கு வலி எடுத்தது. மாமா சைக்கிளில் பறந்துபோய்ப் பீடானைக் கூட்டிவந்தார். பீடான் என்றால் பிரசவம் பார்க்கும் மலாய்க்கார அம்மா. எங்கள் தெருப் பிள்ளைகளில் பாதி அவர் கையில் பிறந்தவை. அவர் பையோடு வேலிக்கு வந்தார், நிலையை நிமிர்ந்து பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார்.

“சியாப்பா சாக்கிட்?” யாருக்கு நோய் என்று கேட்டார்.

யாருக்கும் இல்லை என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு ஏன் இந்த இலை? மாமாவுக்குத் தெரிந்த மலாய் துணி விற்கிற மலாய். “இனி புலான் பூஞா, மக்சிக்!” என்றார். இது நிலாவுடையது, பெரியம்மா. பீடான் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஓர் அடி பின்னால் போனார். அவர் அடுத்து வேறொரு வீட்டில் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டப் போக வேண்டும். அம்மை உள்ள வீட்டுக்குள் நுழைந்துவிட்டு அங்கே போக முடியாது.

உள்ளே அம்மா கத்தினாள்.

பீடான் யோசித்தார். வீட்டுக்குள் இருப்பவர்களில் ஒருவரை வெளியே கொண்டுவா, பார்க்கிறேன் என்றார். அத்தை அம்மாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மிச்சம் நான்தான்.

என் கழுத்தில் இரண்டு நாளாகச் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருந்தது. மாமா என்னைத் தூக்கிவந்து வேலியருகே நிறுத்தியபோதுதான் அது எனக்கு ஞாபகம் வந்தது. அதைப் பார்த்தால் பீடான் போய்விடுவார், அம்மா செத்துப்போவாள், என்னைக் கண்ணாடிக்குள் பூட்டிவிடுவார்கள். மூன்றும் இந்த வரிசையில்தான் நடக்கும் என்று உறுதியாக நம்பினேன். தாடையைக் கீழே அழுத்திக் கழுத்தை மறைத்தேன்.

பீடான் மிச்சமிருந்த வெளிச்சத்தில் என் கைகளைத் திருப்பிப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார். கடைசியில் என் தாடையை நிமிர்த்தி, அந்தச் சிவப்பைக் கட்டைவிரலால் மெல்லத் தேய்த்தார்.

“பானாஸ் சாஜா,” என்றார். வெறும் சூடுதான், வேர்க்குரு.

பையை எடுத்துக்கொண்டு, வேப்பிலைக்கு அடியில் குனிந்து உள்ளே போனார். ஏழரை மணிக்குள் தம்பி பிறந்துவிட்டான்.

அந்தப் பூட்டைப் பற்றி நான் முறையாகப் படித்தது நாற்பது வயதுக்கு மேல்தான். நிலாக் கல்லிலிருந்து மனிதர்களைக் காப்பதற்கு மட்டுமல்ல, மனிதர்களிடமிருந்து கல்லைக் காப்பதற்கும்தான் அதைப் பெட்டிகளில் பூட்டினார்கள். நம் மூச்சும் வியர்வையும் பட்டால், கல் சொல்ல வேண்டிய இடத்தில் நம்முடைய அழுக்கு பேசிவிடும். அதனால் ஒரு பகுதியைத் தொடாமலே எடுத்துவைத்திருக்கிறார்களாம், இனிமேல் வரப்போகிற கருவிகளுக்காக.

தம்பி பிறந்த மறுநாள் காலை முதல் வேலையாக அத்தை என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய், முழங்கை வரை சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள். பிள்ளையைத் தொடுமுன் எல்லோரும் இப்படிக் கழுவ வேண்டும் என்று பீடான் சொல்லிவிட்டுப் போயிருந்தாராம். அப்போது எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. என்னிடம்தான் ஏதோ நோயைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, ஈரக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டி, தம்பியைத் தொடாமல் கதவோரமாகவே நின்றேன்.