கோயில் பானைக் கஞ்சி

எனக்குக் காய்ச்சல் கண்டால் இன்றைக்கும் முதலில் கஞ்சி வாசனைதான் வரும். மழை வாசனை அதற்குப் பின்னால்தான். உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் சின்னப் பிள்ளையாய் இருந்த அந்த ஐப்பசியில் மழை விட்டபாடில்லை. நான் கிழிந்த கம்பளிக்குள் படுத்துக்கொண்டு மூலையில் இருந்த பானையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மெல்ல மிதந்து என் பக்கம் வருவதும் திரும்பிப் போவதுமாக இருந்தது. காய்ச்சலில் எதுதான் மிதக்காது!

அது எங்கள் வேதக்கோயில் பானை. எங்கள் சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து அதில் கொட்டுவார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்குக் காணிக்கை என்றால் அதுதான். கடவுளுக்குக் கொடுத்ததை யாரும் தொடக்கூடாது. மழைக்காலத்தில் கோயில் கூரை ஒழுகும் என்பதால் பானை எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். என் நைனாதான் அங்கே உபதேசியார். பாதிரியார் மாதம் ஒருமுறை சைக்கிளில் வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் ஜெபம், பிரசங்கம், பஞ்சாயத்து எல்லாம் நைனாதான்.

ஆடியில் அப்படி ஒரு பஞ்சாயத்து நடந்தது. கோயிலைப் பெருக்குகிற பெரியம்மா எங்களுக்குத் தூரத்து உறவு. அவள் அந்தப் பானையிலிருந்து அரிசியை மடியில் கட்டிக்கொண்டு போனதை யாரோ பார்த்துவிட்டார்கள். கிறிஸ்துமஸ் வரைக்கும் அவள் வாசலோரம்தான் உட்கார வேண்டும், நற்கருணையும் கிடையாது என்று நைனா தீர்ப்புச் சொன்னார். பெரியம்மா துடைப்பத்தைச் சாய்த்துவைத்துவிட்டு வாசலோரம் போய் உட்கார்ந்தாள். சொந்தக்காரியைக்கூட விடவில்லை பார் என்று ஊரே நைனாவைப் பற்றிப் பேசியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஐப்பசியில் ஆற்றுக்கு அக்கரையில் ஜெபம் நடத்தப் போன நைனா, செய்யாற்றில் வெள்ளம் வந்து திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டார். கழனியில் வேலை இல்லை, வீட்டில் அரிசி இல்லை. அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மூலைக்குப் போய் வெகுநேரம் நின்றாள். அப்புறம் எனக்குத் தெரிந்ததெல்லாம், உப்புப் போட்ட சூடான கஞ்சி தொண்டையில் இறங்கியதுதான். அடடா, அந்த ருசி! மிதந்துகொண்டிருந்த பானை அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. நான் தூங்கிப்போனேன்.

வெள்ளம் வடிந்து நைனா வந்த அன்று மத்தியானமும் மழைதான். அரைத் தூக்கத்தில் அவர்கள் பேசுவது கேட்டது. அம்மா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். கேள்வி என்னவென்று கூரைமேல் விழுந்த மழை எனக்குக் கேட்கவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நைனாவே என்னைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்தார். கோயிலில் ஜெபம் முடிந்ததும் அவர் வேதப்புத்தகத்தைத் திறக்கவில்லை.

"எங்க வூட்ல கோயில் அரிசிய எடுத்துக்கீறோம்," என்றார். "இனிமே என் சம்சாரம் வாசலாண்ட குந்தும்."

அம்மா எழுந்து போய் வாசலோரம் உட்கார்ந்தாள். மூப்பர் ஒருவர் எழுந்து, காய்ச்சல்காரப் பிள்ளைக்குத்தானே எடுத்தாள், இதைப் போய்ப் பெரிசுபடுத்துவானேன் என்று சமாதானம் சொன்னார். நைனா தலை நிமிரவில்லை.

"அன்னிக்கு அந்தம்மாவ, ஏம்மா எடுத்தன்னு ஒருத்தரும் கேக்கல. நானும் கேக்கல. அந்த வூட்ல இன்னா பசியோ."

சொல்லிவிட்டு அவரும் போய் வாசலோரம் உட்கார்ந்துகொண்டார். பிரசங்கம் பண்ண ஆள் இல்லை. கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பெரியம்மா தான் உட்கார்ந்திருந்த கோணிச்சாக்கை அம்மா பக்கம் நகர்த்திப் போட்டாள். பிறகு கரகரத்த குரலில் அவள்தான் பாட்டை எடுத்தாள். சபை முழுக்கப் பின்னால் பாடியது. கிறிஸ்துமஸ் வரைக்கும் அந்த மூன்று பேரும் அங்கேயேதான் உட்கார்ந்தார்கள். மூப்பர் எழுத்துக்கூட்டி வேதம் வாசித்தார்.

எனக்கு நைனாமேல் கோபமென்றால் கோபம், அப்படிப்பட்ட கோபம். ஊர் முன்னால் அம்மாவை வாசலில் உட்காரவைத்துவிட்டாரே! வீடு திரும்பும்போது அவர் தூக்க வந்தார். நான் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மாவோ கோயிலில் பாடிய பாட்டையே முணுமுணுத்துக்கொண்டு, என்னையும் சுமந்துகொண்டு, வரப்பில் அத்தனை லேசாக நடந்தாள். இவளுக்குக் கொஞ்சமும் ரோஷமில்லையா என்று நினைத்தேன்.

நைனாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்றுதான் அம்மா சொன்னாள். புள்ளைக்குத்தானே, வெளியே தெரிய வேண்டாம் என்று நைனா முதலில் மூடிவைக்கத்தான் பார்த்தாராம். அந்த மத்தியானம் மழையில் எனக்குக் கேட்காமல் போன அம்மாவின் கேள்வியையும் அன்றுதான் அவள் வாயால் கேட்டேன்.

"அவளுக்கு ஒரு ஞாயம், எனக்கு ஒரு ஞாயமா?"