பதினெட்டு வினாடி

இப்போதெல்லாம் உலகத்தில் உள்ள எல்லாப் பாட்டும் என் சட்டைப்பையில் இருக்கிறது. அதனாலேயே நான் பாட்டுக் கேட்பதில்லை. இயர்போனை மாட்டிக்கொண்டு, எதைக் கேட்கலாம் என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்து, களைத்துப்போய்க் கழற்றி வைத்துவிடுகிறேன். போன வாரம் அப்படித் தள்ளிக்கொண்டிருந்தபோது அந்த ஐந்து பேரின் படம் வந்து நின்றது. அதன் கீழே ரசிகர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பழைய பதிவு உசத்தியா, கம்ப்யூட்டருக்காக மெருகேற்றிய பதிவு உசத்தியா என்று. ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் படித்ததாகத் தெரியவில்லை. நான் அதில் கலந்துகொள்ளவில்லை. பன்னிரண்டு வயதில் இதே சண்டையில் ஜெயித்தவன் நான். அந்த அனுபவம் ஒரு ஆயுளுக்குப் போதும்.

ஐந்து பேரும் வெள்ளைக்காரர்கள். அவர்களின் தலைமுடியைச் சேர்த்தால் ஒற்றைக் கட்டிலுக்கு ஒரு மெத்தை தைக்கலாம். பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் சண்டை இங்கேயும் வந்துவிடும். என் பெரியப்பா காலத்திலேயே அவர்கள் பழையவர்கள்தான்.

பெரியப்பா மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அணு ஆராய்ச்சிக்காரர்களின் குடியிருப்பில் இருந்தார். நாங்கள் செங்கல்பட்டில் இருந்தோம். அப்பாவுக்குத் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா வேலை. இரண்டாம் சனிக்கிழமை அரசாங்கம் அப்பாவுக்கு விடுமுறை தரும். அன்று மத்தியானம் அவர் என்னையும் அழைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடிப்பார். பெரியப்பா வீட்டு ஹாலில் மூன்று மணிக்குச் சங்கம் கூடும். சங்கம் என்றால் மொத்தம் நான்கு பேர். அண்ணன் தம்பி இருவர் போக, மாமல்லபுரத்தில் பேங்கில் காசாளராக இருந்த பேங்க் மாமா ஒருவர். இன்னொருவர் செய்யூரிலிருந்து சவுக்குக்கட்டை ஏற்றி டெம்போ ஓட்டும் அண்ணாத்த. அவரைவிட வயதில் மூத்த பெரியப்பாகூட அவரை அண்ணாத்த என்றுதான் கூப்பிடுவார். அண்ணாத்த ரசிகரான கதை சின்னது. பெரியப்பா வீடு மாற்றியபோது சாமான்களை ஏற்றிவந்தார். இறக்கிய கேசட் டெக் பாடுகிறதா என்று பார்க்கப் பெரியப்பா கேசட்டைப் போட்டார். பி பக்கம் முடிகிற வரைக்கும் அண்ணாத்த வண்டியை எடுக்கவில்லை. பாட்டில் ஒரு வார்த்தை அவருக்குப் புரியாது. மற்ற மூவருக்கும் புரிந்தது என்று நானும் உறுதியாகச் சொல்லமாட்டேன்.

பெரியப்பாவின் உத்தியோகம் மீட்டர்களைச் சந்தேகப்படுவது. ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிற கடிகாரம், தெர்மாமீட்டர், அழுத்தமானி எல்லாம் உண்மை பேசுகின்றனவா என்று சோதித்து, எவ்வளவு பிழை என்று ஒரு சின்னச் சீட்டில் எழுதி அதன் முதுகில் ஒட்டுவது அவர் வேலை. வீட்டிலும் அந்தக் கை சும்மா இருக்காது. போகியன்று மற்றவர்கள் பழசை எரிப்பார்கள். பெரியப்பா வீட்டிலிருக்கிற அளவு காட்டும் சாமானை எல்லாம் சோதித்துச் சீட்டு ஒட்டுவார். சுவர்க்கடிகாரத்தில், ‘பிழை: நாளுக்கு இரண்டு வினாடி’. சமையலறைத் தராசில், ‘பிழை: ஐந்து கிராம், கடைக்காரருக்கு நஷ்டம்’. “என் முதுகுலதான் இன்னும் ஒட்டல” என்பார் பெரியம்மா. என் பிறந்தநாளுக்கு ஆபீஸில் கழித்துக்கட்டிய ஒரு ஸ்டாப்வாட்சைப் பெரியப்பா பரிசாகக் கொடுத்தார். அதன் முதுகிலும் சீட்டு இருந்தது: ‘பிழை: இல்லை.’ நான் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தேன். பல் தேய்க்கிற நேரம், பஸ் நின்று கிளம்புகிற நேரம் எல்லாம் என்னிடம் கணக்கில் இருந்தது.

இனி அந்தக் கேசட். நான் பிறப்பதற்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்பா பெரியப்பா வீட்டில்தான் தங்கியிருந்தார். முதல் மாதச் சம்பளத்தில் ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கினார். அப்போது வடக்கே மாற்றலாகிப் போகவிருந்த ஒரு அதிகாரி, அந்த ஐந்து பேரின் இசைத்தட்டை ஒரே ஒரு நாளைக்கு இரவல் தந்தார். அப்பா கதவு ஜன்னலையெல்லாம் சாத்தி, ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பதிவு செய்தார். தட்டின் உறையில் இருந்த பாட்டுப் பெயர்களையும், ஒவ்வொரு பாட்டும் எத்தனை நிமிடம் என்பதையும் முத்து முத்தாக அட்டையில் எழுதி கேசட் பெட்டிக்குள் வைத்தார். மூன்றாவது பாட்டு ஓடும்போது பெரியம்மாவின் குக்கர் ஒரு விசில் அடித்தது. அதுவும் பதிவானது. தட்டு அதிகாரியோடு வடக்கே போயிற்று. டேப் ரிக்கார்டர் நான் உடைக்கிற வயதுக்கு வருவதற்குள் தானாகவே செத்தது. கேசட் மட்டும் பெரியப்பா அலமாரியில் தங்கிவிட்டது. பேங்க் மாமாவிடமும் அண்ணாத்தயிடமும் இருந்தவை அதற்குப் பிறந்த பிள்ளைகள்.

அந்த வீட்டில் அப்பா எதிலும் இரண்டாவது ஆள். படிப்பில், சம்பளத்தில், உயரத்தில்கூட. டிபார்ட்மென்ட் பரீட்சையை மூன்று முறை எழுதி மூன்று முறையும் அதே மேஜைக்குத் திரும்பி வந்தவர். ஆனால் சங்கம் கூடும்போதெல்லாம் கேசட்டைப் போடுவதற்கு முன்னால் பெரியப்பா மறக்காமல் சொல்வார்: “தம்பி அன்னிக்கு உக்காந்து பதிவு பண்ணலைன்னா நமக்கு ஏதுய்யா இதெல்லாம்?” அப்பா, “அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே” என்பார். சொல்லிவிட்டு, தன்னிடம் இருப்பது அது ஒன்றுதான் என்பதுபோல் உட்கார்ந்திருப்பார்.

ரெண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அமெரிக்காவில் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பாட்டுக்கடை திறந்திருப்பதாகவும், பிடித்த பாட்டை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளலாம் என்றும் பேங்க் மாமாவின் பையன் அங்கிருந்து எழுதினான். ஐந்து பேர் மட்டும் தங்கள் பாட்டைத் துண்டு போட்டு விற்கமாட்டோம் என்று அந்தக் கடைக்குள் வரவில்லையாம். அவர்கள் செய்வது சரியா என்று சங்கம் ஆறு மாதம் விவாதித்தது. வரிசை மாறினால் இசைத்தட்டுக்கு உயிரில்லை என்பது பெரியப்பாவின் கட்சி. “வாழத்தார்ல ரெண்டு பழம் பிச்சிக் குட்த்தா தாரு கோச்சிக்குமா சார்?” என்பது அண்ணாத்தயின் கட்சி. எங்கள் ஹாலில் எடுத்த முடிவு அவர்களுக்கு எட்டியிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் ஐந்து பேரும் ஒருநாள் இறங்கி வந்தார்கள், பாட்டு கடைக்கு வந்தது. பையன் அத்தனையும் வாங்கி, ஒரு சிடியில் ஏற்றி, தன் அப்பாவுக்கு அனுப்பிவைத்தான்.

அந்த இரண்டாம் சனிக்கிழமை பேங்க் மாமா சிடியைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். பெரியப்பாவின் கம்ப்யூட்டரில் போட்டார்கள். முதல் பாட்டு தொடங்கியது. நால்வரும் தலையாட்டத் தயாராக இருந்தார்கள். தலைகள் ஆடவில்லை. பாடகரின் குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது. டிரம்ஸ் யோசித்து யோசித்து அடித்தது.

“இன்னா சார் இது, லோடு வண்டி மேடு ஏர்ற மாதிரி கீது?” என்றார் அண்ணாத்த.

“ஒரிஜினல் அப்படித்தான் இருக்கும்” என்றார் பேங்க் மாமா.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் அண்ணாத்த எழுந்தே விட்டார். “விசில் எங்க சார்? விசிலயே தூக்கிட்டானுங்களே! இதுக்கு டப்பு வேற குட்த்துக்கினு!”

பெரியம்மா சமையலறையிலிருந்து, “அது என் பருப்புங்க” என்று சத்தம் கொடுத்தார். யாரும் காதில் வாங்கவில்லை. எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தம், வேகம், சுருதி எதுவானாலும் அந்த ஹாலில் கடைசி வார்த்தை அவருடையது. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

“கம்ப்யூட்டருக்கு ஏத்தறப்ப ஸ்லோ பண்ணிட்டான். நம்ம டேப்தான் சரி” என்றார்.

“அப்ப என் பையன் ஏமாந்துட்டான்கிறீங்க.”

“பையனைச் சொல்லல சார். கடைக்காரனைச் சொல்றேன்.”

“உலகம் பூரா வாங்குறான் சார்! எல்லாருக்கும் தப்பா ஏத்தி, இந்த வீட்டு அலமாரியில மட்டும் சரியா வெச்சிருக்கானா?”

நியாயமான கேள்விதான். பெரியப்பா, “டேப்தான் சரி” என்று மறுபடியும் சொன்னார். பேங்க் மாமா பஜ்ஜியைத் தொடாமல் எழுந்து போனார். அடுத்த மாதம் வருவாரா என்று யாருக்கும் தெரியவில்லை.

எனக்கு அந்த ஒரு மாதமும் தூக்கம் கெட்டது. சங்கம் உடைந்தால் இரண்டாம் சனிக்கிழமை இல்லை. கடல் இல்லை, பஜ்ஜி இல்லை, பெரியப்பா இல்லை. தவிர, இந்த வழக்கைத் தீர்க்கும் கருவி என் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. தீர்த்துவைத்தால் ஐந்தாவது உறுப்பினராக என்னைச் சேர்த்துக்கொள்வார்கள் என்றும் ஒரு கணக்கு இருந்தது.

அடுத்த கூட்டத்துக்குப் பேங்க் மாமா வந்தார், சிடியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போக. நான் எழுந்து நின்று, வகுப்பில் ஒப்பிக்கும் குரலில், “நான் டைம் பார்க்கிறேன்” என்றேன். கேசட் பெட்டியிலிருந்து அப்பா எழுதிய அட்டையை எடுத்து அண்ணாத்த கையில் கொடுத்தேன். முதல் பாட்டு, தட்டின் உறையில் போட்டிருந்தபடி, நான்கு நிமிடம் பத்து வினாடி.

பெரியப்பா, “விடுடா, வெயிலா இருக்கு, போய் விளையாடு” என்றார். வெயிலைக் காரணம் காட்டி வெளியே அனுப்பிய ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

சிடியை ஓடவிட்டேன். நான்கு நிமிடம் பத்து வினாடி. பிறகு கேசட்டைப் போட்டேன். தொடக்கம் தவறாமல் பிடிக்க வேண்டும் என்று டெக்கோடு டெக்காகச் சாய்ந்து உட்கார்ந்தேன். அப்போது அதன் பின்பக்கம் கண்ணில் பட்டது. சீட்டுகள், ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரு போகிக்கு ஒன்று. மேலே இருந்தது அந்த வருடத்துச் சீட்டு: ‘வேகம் சரிபார்த்தது. பிழை: இல்லை.’ ஐயோ, பெரியப்பா இதைத் தப்பாகச் சோதித்துவிட்டாரே என்று எனக்கு அவருக்காக வெட்கமாக இருந்தது.

பாட்டு முடிந்தது. “மூணு நிமிஷம் அம்பத்திரண்டு செகண்டு” என்றேன். “பதினெட்டு செகண்டு ஃபாஸ்ட். சிடிதான் கரெக்ட். டேப்தான் தப்பு.”

பெரியப்பா சட்டென்று சிரித்தார். “அப்ப என் டெக்தான் மோசம். மோட்டார் வேகமா ஓடுது போல. நான் பாக்கவே இல்ல பாருங்க.”

“ஊர் மீட்டருக்கெல்லாம் சர்ட்டிஃபிகேட் குடுக்கிறீங்க சார்!” என்று பேங்க் மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். ஒரு மாதத்துக் கோபம் அதிலேயே போய்விட்டது.

அண்ணாத்தக்கு மட்டும் கணக்கு இடித்தது. “அப்ப என் வண்டி டேப் செட்டுலயும் இப்டித்தான ஓடுது சார்?”

“உங்க வண்டியே அப்படித்தான ஓடுது அண்ணாத்த” என்றார் பெரியப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். நான் மிகச் சத்தமாகச் சிரித்தேன். அப்பா அண்ணாத்தயிடமிருந்து அட்டையை வாங்கி, தன் கையெழுத்தையே கொஞ்ச நேரம் படித்தார். பிறகு ஒயர் தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பவர்போல டெக்கின் பின்னால் குனிந்தார். ஒரு ஒயரைப் பார்க்க அவ்வளவு நேரம் ஆகாது. நிமிர்ந்து, அட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். “பஸ்ஸுக்கு நேரமாச்சுண்ணே” என்றார்.

சங்கம் பிழைத்தது. அடுத்த மாதத்திலிருந்து சிடிதான் ஓடியது. அண்ணாத்த விசில் வரவேண்டிய இடத்தில் தானே விசில் அடித்துக்கொண்டார். என்னை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். தொடங்குவதற்கு முன்னால் பெரியப்பா சொல்லும் அந்த வாக்கியத்தை மட்டும் சொல்வதற்கு இடமில்லாமல் போயிற்று. இரண்டொரு மாதத்தில் அப்பாவுக்கு இரண்டாம் சனிக்கிழமைகளில் ஆபீஸ் வேலை வர ஆரம்பித்தது. விடுமுறை நாளில் அவ்வளவு வேலை பார்த்த தாலுகா ஆபீஸ் வேறெங்கும் இருந்திருக்காது.

டெக் சரியாக ஓடியிருந்தால், பதிவு செய்த மிஷின்தான் தப்பு. பதிவு செய்கிற மிஷின் சோம்பேறியாக ஓடினால், வேறு எதில் போட்டாலும் பாட்டு அவசரப்படும். நான் இதைத் தெரிந்துகொள்ள இன்ஜினீயரிங் காலேஜ் வரை போக வேண்டியிருந்தது. மீட்டர்களையே சந்தேகப்பட்டு வாழ்ந்த மனிதருக்கு முதல் நாள் முதல் பாட்டிலேயே தெரிந்திருக்கும். இருபது வருடம் அவர் சீட்டு ஒட்டாமல் விட்ட சாமான் அந்தக் கேசட் ஒன்றுதான்.

அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குத்தான். ஜெயித்தவனுக்குரிய இடம்.

“அந்த வாட்ச் பெரியப்பா குடுத்ததுதான?” என்று அப்பா கேட்டார்.

“ஆமாம்ப்பா.”

“செக் பண்ணித்தான குடுத்தாரு?”

“பிழை இல்லைன்னு போட்டிருக்குப்பா.”

தலையாட்டினார். பஸ் திருக்கழுக்குன்றத்தில் நின்று கிளம்பியது. நான் வழக்கம்போல ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். அங்கிருந்து செங்கல்பட்டு வரும்வரை அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பத்தெட்டு நிமிடம், நான்கு வினாடி. துல்லியமாகக் குறித்து வைத்திருக்கிறேன்.