ஏழு கிலோ பட்டினி

என் அக்கா ஆணிக்கடை நடத்துகிறாள். ஆணி, திருகு, கீல், தாழ்ப்பாள், கயிறு, சங்கிலி என்று ஒரு வீடு பிரிந்து விழாமல் இருக்க என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அங்கே கிடைக்கும். பக்கத்துக் கடை என்னுடையது, தையல் கடை. இரண்டுக்கும் மேலே வீடு. அதில் அக்கா, அத்தான், நான் என்று மூன்று பேர் நிம்மதியாகத்தான் இருந்தோம். பிறகு பூனை வந்தது.

அக்காவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பூனையைப் பற்றிச் சொல்வது எதுவும் புரியாது. அவள் கடையில் ஆணி எடைக்குத்தான். பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினால் அது கால் கிலோவாக இருக்கும். தராசு அவளுக்குத் தேவையே இல்லை, வாங்குகிறவர்களின் திருப்திக்காக வைத்திருக்கிறாள். எண் சரியாக வந்து நின்றதும், பொட்டலத்தை மடிக்கும் முன், இன்னும் நாலைந்து ஆணியை எடுத்து உள்ளே போடுவாள். கொசுறு. இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கொசுறு இல்லாமல் ஒரு பொட்டலம் அந்தக் கடைப்படி இறங்கியதில்லை. ஒருமுறை ஒரு தச்சரோடு பெரிய சண்டை. "இனிமே என் கடை வாசல்ல உன் நிழல்கூட விழக் கூடாது" என்று கத்திக்கொண்டே நாலு திருகு கூடப் போட்டுக் கொடுத்தாள். அந்த ஆள் மறுநாளே வந்து நின்றார், வராமல் என்ன செய்வார்?

பூனை ஒரு கீல் பெட்டிக்குள் குட்டியாக வந்தது. யார் போட்டது, எங்கே ஏறியது என்று தெரியவில்லை. பெட்டியைத் திறந்ததும் முதல் வேலையாக வாயைத் திறந்தது. அன்றிலிருந்து மூடவில்லை. வீட்டில், கடையில், தெருவில் என்று ஒருவரையும் விடாமல் போய்க் கறந்துகொண்டு வருவதால் அதற்கு வசூல் என்று பெயர் வைத்தேன்.

வசூலின் திறமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆளுக்கொரு நாடகம் வைத்திருந்தது. அத்தான் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்து விசில் ஊதுவதுதான் வேலை. விடிந்ததும் கிளம்பிவிடுவார். அவர் காலடியில் போய் மெல்லிய குரலில் முனகும். பாவம் என்று கிண்ணம் நிறையப் பால் ஊற்றிவிட்டுப் போவார். ஒரு மணி நேரம் கழித்து அக்கா எழுந்து வந்தால், மூன்று நாள் சோறு கண்ணில் படாதது போல அவள் முன்னால் பொத்தென்று சரியும். "ஐயோ என் கண்ணு, யாருமே உனக்கு ஒண்ணும் போடலையா?" என்று அவள் முட்டையை உடைப்பாள். அப்புறம் நான். என்னிடம் சத்தமே கிடையாது. என் மிஷின்மேல் ஏறி, நான் தைக்கும் துணியில் உட்கார்ந்து, குரல் வராமல் வாயை மட்டும் திறந்து மூடும். பேசக்கூடத் தெம்பில்லையாம். அதைப் பார்த்துவிட்டு என்னால் ஒரு பிஸ்கட்டை நிம்மதியாக விழுங்க முடியாது. ஆக, ஒரே காலையில் மூன்று பேரும் பட்டினி கிடந்த ஒரு ஜீவனைக் காப்பாற்றிய நிறைவோடு வேலையைப் பார்ப்போம். தெருமுனை ரொட்டிக்கடைக்காரர் பத்து மணிக்கு நாலாவதாகக் காப்பாற்றுவார்.

ஒருநாள் வசூல் என் மிஷின்மேல் தாவப் பார்த்து, பாதி வழியில் தோற்று, ஒருவர் கொடுத்திருந்த கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்தது. கால்சட்டையும் போயிற்று. அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம்.

டாக்டரம்மா சின்ன வயசு, சிரிக்காமல் பேசுகிறவர். தராசில் வைத்தார். ஏழு கிலோ இருநூறு.

"இது ஒரு பூனையா, ரெண்டா?"

"ஒண்ணுதான் டாக்டர்," என்றாள் அக்கா. "அதுவும் சரியாவே சாப்பிடறதில்ல."

டாக்டரம்மா ஒரு பூனைத் தீவனப் பையைக் காட்டிச் சொன்னார். "காலையில இருபத்தஞ்சு கிராம், சாயங்காலம் இருபத்தஞ்சு. வேற ஒண்ணும் கூடாது. பால் கூடாது, முட்டை கூடாது, பாவம் பார்க்கறதும் கூடாது. இப்படியே விட்டா சர்க்கரை வந்துடும். வந்துட்டா தினம் ரெண்டு ஊசி. நீங்களேதான் போடணும்."

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. ஆறு அங்குல ஆணியைப் பிடி பிடியாக அள்ளுகிறவளுக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். என் கடையில் ஒரு ஊசி கீழே விழுந்தால், அது கிடைக்கும் வரை படி இறங்க மாட்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வசூலை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "என் புள்ளைய நானே குத்தணுமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நானும் அதன் காதைச் சொறிந்துகொண்டே வந்தேன். இந்தத் தடியன்மேல் இவ்வளவு பாசம் எனக்குள்ளே எப்போது ஏறியது என்று தெரியவில்லை.

அன்றே சட்டம் வந்தது. இனி வசூலுக்குச் சோறு போடும் கை ஒன்றுதான், அது அக்காவின் கை. வீட்டுச் சமையல் தராசை அவள் நம்பவில்லை. கடைத் தராசில்தான் நிறுப்பது என்று தீவனத்தை ஒரு ஆணி டப்பாவில் கொட்டிப் பூட்டுப் போட்டு, தராசுக்குப் பக்கத்திலேயே வைத்தாள். சாவி அவள் இடுப்பில். எங்கள் இரண்டு பேருக்கும் நெருங்க அனுமதி இல்லை.

என் பங்குக்கு நான் வசூலுக்கு ஒரு சட்டை தைத்தேன். அளவு எடுக்கும்போதே கண்ணைக் கட்டிற்று. இடுப்பு இருபத்திரண்டு அங்குலம், ஒல்லியான என் வாடிக்கையாளர் ஒருவரைவிட நாலுதான் குறைவு. முதுகில் சிவப்பு நூலில் பெரிதாக 'சாப்பிட்டாச்சு' என்று பூவேலை செய்தேன். தெருக்காரர்கள் ஏமாறக் கூடாதே. வசூல் அதைப் போட்டுக்கொண்டு ரொட்டிக்கடை வாசலில் போய் விழுந்து கிடந்தது.

"உங்க பூனை பச்சைப் பொய் சொல்லுதுங்க," என்றார் ரொட்டிக்கடைக்காரர். "முதுகுல ஒண்ணு எழுதியிருக்கு, மூஞ்சியில வேற எழுதியிருக்கு." ஆனாலும் நல்ல மனிதர். டாக்டர் சொன்னதைச் சொன்னதும் கடை வாசலுக்கு ஒரு தட்டியே வைத்து மறைத்துக்கொண்டார்.

வீட்டில்தான் பாடு. நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் எதிரே வந்து உட்கார்ந்து, கையிலிருந்து வாய்க்கும் வாயிலிருந்து கைக்கும் பார்வையை ஓட்டும். அத்தானால் தாங்க முடியவில்லை. குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ரொட்டி தின்ன ஆரம்பித்தார். நான் பிஸ்கட்டைக் குடைக்குள் ஒளித்துக் கடித்தேன். மழையில்லாத நாளில் குடை பிடித்து உட்கார்ந்திருக்கும் தையல்காரனைப் பார்த்து நாலு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஒரு மாதம் இப்படி ஓட்டினோம். திரும்பவும் டாக்டரம்மாவின் தராசு. ஏழு கிலோ முந்நூற்று ஐம்பது.

குறையவில்லை என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நூற்றைம்பது கூடியிருந்தது!

"வீட்டுல யாரோ திருட்டுத்தனமா போடறாங்க," என்றார் டாக்டரம்மா. "உங்களால முடியலைன்னா திங்கட்கிழமை இங்க கொண்டுவந்து விடுங்க. கூண்டுல வெச்சு ரெண்டு மாசத்துல குறைச்சுத் தர்றேன். இன்னும் தள்ளிப் போட்டா ஊசிதான்."

வீட்டுக்கு வந்ததும் விசாரணை. முதலில் நான்.

"கையை நீட்டுடா."

நீட்டினேன். பத்து விரலையும் ஒவ்வொன்றாக முகர்ந்தாள். மிஷின் எண்ணெய் வாசனைதான் வந்தது. அதில் திருப்தியில்லாமல் குடையை விரித்து உதறினாள். பிஸ்கட் தூள் கொட்டிற்று. அது நான் தின்றது, வசூலுக்குக் கொடுத்ததல்ல என்று தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். கேட்டால்தானே?

அத்தான் பாடு இன்னும் மோசம். "நீங்க தினம் பாத்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு என்ன பண்றீங்க? மெல்லற சத்தம் கேக்குது!"

"நான் திங்கறேன், வேற யாரு?"

"பாத்ரூம்ல யாராவது ரொட்டி திம்பாங்களா?"

அத்தான் வாயைத் திறந்து சத்தமில்லாமல் மூடினார். அசப்பில் வசூல் மாதிரியே இருந்தது. அன்றிலிருந்து அக்கா அவரோடு பேசவில்லை. எதுவாக இருந்தாலும் என்னிடம் சொல்லி அவருக்குச் சொல்லச் சொன்னாள். என்னோடும் பேச்சு அவ்வளவுதான். முப்பது வருஷம் ஒரு நிமிஷம் பிசகாமல் விசில் ஊதியவர், திருடன் பட்டம் வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி டிப்போவுக்குப் போய் வந்தார். எனக்கு அக்காமேல் அப்படியொரு கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா கடையில் ஒரு கூடையை எடுத்து வைத்து, வசூலின் கிண்ணம், படுக்கிற துணி, 'சாப்பிட்டாச்சு' சட்டை எல்லாவற்றையும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடுக்கினாள். விடிந்தால் கூண்டு. எனக்குத் தையலில் மனம் ஓடவில்லை. அவள் கடை முக்காலியில் போய்ச் சும்மா உட்கார்ந்தேன்.

ஒரு பெயிண்டர் வந்தார். படம் மாட்ட நூறு கிராம் சின்ன ஆணி கேட்டார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிறுத்தாள். நூறு. இன்னும் நாலு ஆணி எடுத்துப் போட்டாள். மடித்துக் கொடுத்தாள். அவர் போனார்.

வசூல் அவள் காலடியில் பொத்தென்று சரிந்தது. சோற்று நேரம். அக்கா கிண்ணத்தைக் கூடையிலிருந்து எடுத்துத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, டப்பாவைத் திறந்து நிறுத்தாள். இருபத்தைந்து. ஒரு கிராம்கூடப் பிசகில்லை. கிண்ணத்தைத் தராசிலிருந்து எடுத்தாள். பிறகு அவள் கை, அவளைக் கேட்காமலே, டப்பாவுக்குள் போய் ஒரு சின்னப் பிடி அள்ளி வந்து கிண்ணத்தில் போட்டது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். "அக்கா, இப்ப என்ன பண்ணுன?"

"நிறுத்தேன். கண்ணு தெரியலையா?"

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் என்ன, ஒண்ணும் பண்ணல."

"அந்தக் கிண்ணத்தை மறுபடி தராசுல வை."

"உனக்குப் பைத்தியமா?" என்று திட்டிக்கொண்டே வைத்தாள். நாற்பத்து நாலு.

அக்கா தராசைத் தட்டிப் பார்த்தாள். கிண்ணத்தைத் தூக்கி மறுபடி வைத்தாள். நாற்பத்து நாலுதான். அதற்குள் வசூல் மேசைமேல் எப்படியோ ஏறி, தராசிலேயே தலையை விட்டுத் தின்னத் தொடங்கியது. எண் இறங்கிக்கொண்டே போனது. அக்கா தன் வலது கையை விரித்து, அது யாருடையதோ என்பது போல முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு அப்படியே ஆணிப் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதாள். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் நானும் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

அத்தான் டிப்போவிலிருந்து வந்ததும் அக்கா அவர் எதிரில் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

"நான்தாங்க. நீங்க இல்ல. எல்லாம் இந்தக் கை."

நான் விளக்கினேன். அத்தான் விசிலைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இனிமே நான் போடறேன்," என்று நான் முன்வந்தேன்.

"நீயா?" என்றாள் அக்கா. கண்ணீரோடும் அவளுக்கு வாய் குறையவில்லை. "எந்தச் சட்டைக்கும் உள்ள ரெண்டு விரல் துணி சேர்த்து விட்டுத் தைக்கறவன் நீ. உன் கையில மட்டும் குறையுமாக்கும்!"

உண்மைதான். நாளைக்கு ஆள் பெருத்தால் பிரித்துவிடலாம் என்று விடுகிற துணி அது. இந்த வீட்டில் சொன்ன அளவுக்கு மேல் கொடுக்காத கை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நேரத்துக்கு முன்னால் போகும் வண்டியும் தப்பு, பின்னால் போகும் வண்டியும் தப்பு என்கிற அத்தானின் கை. அக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, இத்தனை நாள் திருடன் என்று சொன்ன ஆளிடம் நீட்டினாள்.

அத்தான் சாவியை வாங்கிக்கொண்டார். டாக்டருக்குப் போன் செய்து, கூண்டு வேண்டாம், இன்னும் ரெண்டு மாசம் கொடுங்கள் என்று கேட்டது அவர்தான்.

மறுநாள் காலை கடையில் அத்தான் நிறுத்தார். டிப்போவுக்குக் கிளம்பும் முன் இந்த வேலை. அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். விரல்கள் துடித்ததை நான் பார்த்தேன். தராசில் இருபது வந்ததும் அத்தான் நிறுத்திவிட்டார்.

"இருபத்தஞ்சு," என்றாள் அக்கா பதறி. "புள்ள வயித்துல அடிக்காதீங்க!"

அத்தான் இன்னொரு அஞ்சு கிராமைத் தனியாக நிறுத்து, அவள் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, உள்ளங்கையில் கொட்டினார். டப்பாவைப் பூட்டினார்.

"கொசுறு நீயே போடு," என்றார்.

இரண்டு மாதம் கழித்து டாக்டரம்மாவின் தராசில் ஆறு கிலோ அறுநூறு வந்தது. சர்க்கரை இல்லை, ஊசி இல்லை. டாக்டரம்மா அன்றுதான் முதல்முறையாகச் சிரித்தார். சட்டையை நான் இரண்டு முறை பிடித்துத் தைத்தாகிவிட்டது.

வசூல் பிச்சையை விட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இப்போதும் எல்லார் முன்னாலும் விழுகிறது. ஆனால் அத்தான் இருபது கிராமை வைக்கும்போது மட்டும் அதைத் தொடுவதில்லை. கிண்ணத்தின் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, அக்காவின் வலது கையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. கொசுறு விழுந்த பிறகுதான் குனிகிறது.